வெண்ணெய்நல்லூர் வழக்கும் ஓலைச் சான்றும்

பன்னிரண்டாம் திருமுறையாகிய பெரியபுராணத்துள் தடுத்தாட்கொண்ட புராணம் பக்திச் சுவை கருதியே பெரிதும் பயிலப்பட்டு வருகின்றது. அதனுள் ஓர் அடிமை வழக்கின் நடைமுறை முதலிலிருந்து முடிவு வரை அமைந்து கிடத்தலை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவர். சோழர் அமைச்சராய் விளங்கியவர் என்பது மரபு. ஆதலின், சுந்தரர் காலத்து அவைமுறையை அவர் வரைந்தார் என்பதினும், தம் காலத்து ஆவண வழக்கையே அக்காட்சியில் ஏற்றினார் எனக் கொள்ளுதல் பொருத்தமாம்.

புத்தூரில் மணப்பந்தருட் புகுந்த முதிய அந்தணர், நாவலூரர் தமக்கு வழியடிமை என்கின்றார். நாவலூரர் அவர் கையிலிருந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகின்றார். இவ்வழக்கில் முறை பிறழ்ந்த செயல் இஃதொன்றே. அதனைச் செய்தவர் அடியார். முறை வழுவாது அவையேறி முறையிட்டவனோ ஆண்டவன். தன் இறைமையைக் காட்டி வழக்கை நொடியில் முடித்திருக்கக் கூடியவன், சான்று காட்டும் வாதியாகவே இறுதிகாறும் நிற்கின்றான்.

அந்தணர் அடிமையாதல் உலகில் இல்லாத வழக்கு என்பதை வெண்ணெய்நல்லூர் அவையத்தார் நன்கு அறிவர். அறிந்தும் வழக்கை அவ்வளவில் தள்ளினாரல்லர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்று காட்டுமாறு முதியவரைக் கேட்கின்றனர். நீண்டநாள் ஆண்டுவந்தமை காட்ட அவரிடம் ஒன்றுமில்லை, எஞ்சியது ஆவணமே. கிழிபட்டது படியோலை, மூலவோலை தம்மிடம் உளது என்கின்றார் அவர். மூலத்தைத் தனியே காத்துப் படியை வழக்கில் விடும் இவ்வெச்சரிக்கை ஆவணத் தொழில் பயின்றார்க்கே தோன்றற்பாலது. மூலவோலையை நாவலூரர் கிழியாதபடி காப்போம் என்று அவையினர் உறுதி கூறிய பின்னரே அது வெளிப்படுகின்றது. கரணத்தான் அதன் தொன்மை நோக்கிப் படிக்கின்றான். சான்றாளர் எழுத்துகள் சரிபார்க்கப்படுகின்றன. அவற்றோடும் அமையாது, நாவலூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து எழுத்தொப்புமையும் காண்கின்றனர். வழக்கத்திற்கு மாறான உரிமை கோரப்பட்டமையின் சோதனையும் கடிதாயிற்று போலும். ஓலையின் முடிவில் எழுதியவர் தம் எழுத்தென ஒப்பமிடும் வாய்பாடு, சோழர் கல்வெட்டுகளில் ‘இவை இன்னார் எழுத்து’ என வருவதோடு ஒத்திருத்தலும் கருதத்தக்கது.

ஆயின் ஓர் ஐயம். ஓலை மெய்யெனத் தெளிந்த அவையினர், பாட்டன் இட்ட எழுத்துப் பேரனைப் பிணிக்குமோ என ஆராய்ந்திலர். உண்மை வேறு, ஒப்பந்தத்தின் நேர்மை வேறு என்பது சேக்கிழார்க்குத் தெரியாததன்று. கயிலையில் ஆலாலசுந்தரர், மானிடப் பிறவியில் மயங்குங்கால் தம்மைத் தடுத்தாண்டருள வேண்டுமென இறைவனிடம் தாமே வேண்டிக்கொண்டமையை அவர் முன்னரே கூறிவைத்தார். அவ்வேண்டுகோளே மெய்யான உடன்பாடு. இறைவன் புத்தூர்க்கு வந்ததும் தான் ஏற்ற சொல்லைக் காத்தற்கே. கற்பார் இதனை அறிவர்; அவையத்தார் அறியார். எனவே அவர் தீர்ப்பு ஓலையளவில் நின்றது. அதனைக் குறையென யாம் கூறோம். அவர்முன் இருந்த சான்று அவ்வளவே.

கயிலை உடன்பாடு இல்லாத இடத்து இம்முறை எங்ஙனம் இயங்கிற்று என்பதற்குத் திருப்பாம்புரத்துக் கல்வெட்டு சான்றாகும். சேக்கிழார்க்கு இரண்டு தலைமுறை பிற்பட்டு, 1201ஆம் ஆண்டில், பஞ்சத்தால் நலிந்த வேளாளன் ஒருவன் தன்னையும் தன் பெண்மக்கள் இருவரையும் 110 காசுக்குத் திருக்கோயிலுக்கு அடிமையாக விற்றான் என்கின்றது அது. அவன் நாவலூரரைப்போல் முன்னோர் எழுத்தாற் பிணிப்புண்டவனல்லன், தானே உடன்பட்டவன். பெண்மக்கள் உடன்பட்டனரோ என வினவுவார் எவருமிலர். அக்காலத்து ஆள்விற்பனை ஆவணங்களுக்கு ‘ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு’ என்னும் பெயர் வழங்கிற்று. இசைவு என்னும் சொல்லை அப்பெயர் தவறாது தாங்கி நின்றது.