உடம்பில் இரும்பு கூடினால் கல்லீரலுக்கு என்ன ஆகும்? ஹெபடைடிஸ் சி இருந்தால் ஆபத்து ஏன் இரட்டிப்பாகிறது?

'ரத்தம் கம்மியா இருக்கு, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுங்க.' இந்த அறிவுரையைக் கேட்காத வீடு நம்மூரில் குறைவு. ஆனால் இரும்பு கூடிப்போவதையே பயந்து பார்க்க வேண்டிய ஒரு கூட்டமும் இங்கே இருக்கிறது: அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளும், நாள்பட்ட ஹெபடைடிஸ் தொற்று உள்ளவர்களும்.

இந்த இரண்டு பிரச்னைகளையும் சேர்த்துப் பார்க்க ஹைதராபாத் பொருத்தமான ஊர். தலசீமியா, சிக்கிள் செல் நோயாளிகளுக்கான சங்கம் 1998 முதல் இங்கே இயங்கி வருகிறது. ஹெபடைடிஸுக்கான தடுப்பூசியும் மருந்தும் மலிவானதில் இந்த ஊர் நிறுவனங்களுக்குப் பங்கு உண்டு.

உடம்பு இரும்பை எப்படிக் கணக்கு வைக்கிறது?

ஒரு பெரியவரின் உடம்பில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கும். சாப்பாட்டிலிருந்து தினமும் 1 முதல் 2 மில்லிகிராம் உள்ளே போகும். உதிரும் செல்கள் வழியாகக் கிட்டத்தட்ட அதே அளவு வெளியேறும். கூடுதலாக வந்ததை வெளியே தள்ள உடம்பில் தனி வழி எதுவும் இல்லை. அதனால் கட்டுப்பாடு முழுவதும் வாசலில்தான்.

அந்த வாசலுக்குக் காவல், கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். இரும்பு போதும் என்றால் ஹெப்சிடின் கூடும், குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு போகும் வழி அடைபடும். இரும்பு குறைந்தால் ஹெப்சிடின் குறையும், வழி திறக்கும்.

வைரஸ் இதில் எங்கே வருகிறது?

ஹெபடைடிஸ் சி வைரஸ் தாக்குவது காவலரை வேலைக்கு வைத்திருக்கும் கல்லீரலையே. தொற்று நாள்பட்டால், இருக்கும் இரும்புக்கு ஏற்ற அளவு ஹெப்சிடின் சுரப்பதில்லை. வாசல் திறந்தே கிடக்கிறது. இரும்பு கல்லீரலிலேயே படிகிறது. படிந்த இரும்பு செல்களைச் சிதைக்கும் வேதிப்பொருட்களை உண்டாக்க, தழும்பு வேகமாக வளர்கிறது. அடுத்த கட்டம் சிரோசிஸ், சிலருக்குக் கல்லீரல் புற்றுநோய்.

ஆனாலும் தொற்று உள்ள எல்லோருக்கும் இரும்பு ஆபத்தான அளவுக்குக் கூடிவிடாது. பெரும்பாலும் மிதமான உயர்வுதான்.

அப்படியென்றால் தலசீமியா உள்ளவர்களுக்கு ஏன் இவ்வளவு கவலை?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து தினம் 1 மில்லிகிராம் என்று வைத்தால், ஒரே ஒரு யூனிட் ஏழு, எட்டு மாத வரவுக்குச் சமம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டு யூனிட் ஏற்றுபவருக்கு வருடத்துக்குச் சுமார் 34 யூனிட். அதாவது 7 முதல் 8 கிராம் இரும்பு. உடம்பின் மொத்த இருப்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஒரே வருடத்தில்!

அதே ரத்தத்தின் வழியாக வைரஸும் வரலாம். ஹெபடைடிஸ் சி வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே 1989-இல்தான். இந்தியாவில் தானம் பெற்ற ரத்தத்தில் இந்தப் பரிசோதனை கட்டாயமானது 2000-களின் தொடக்கத்தில். அதற்கு முன் ரத்தம் ஏற்றியவர்களுக்கு ஆபத்து அதிகம். இன்றும், தொற்றிய புதிதில் ஆன்டிபாடி பரிசோதனையில் வைரஸ் சிக்காமல் போகலாம். நேரடியாக வைரஸின் மரபணுவைத் தேடும் 'நாட்' பரிசோதனை அந்த இடைவெளியைக் குறைக்கிறது.

சிகிச்சை இருக்கிறதா?

இருக்கிறது, இரண்டுக்குமே.

முதலில் வைரஸ். பழைய சிகிச்சையில் இன்டர்ஃபெரானோடு கொடுத்த ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைக்கும். தலசீமியா உள்ளவருக்கு அதனால் இன்னும் ரத்தம் ஏற்ற வேண்டிவரும், இன்னும் இரும்பு சேரும். சோஃபோஸ்புவிர் வந்தபிறகுதான் நிலைமை மாறியது. அமெரிக்காவில் அறிமுகமானபோது அதன் விலை ஒரு மாத்திரை 1,000 டாலர். ஹைதராபாத்தின் ஹெட்டெரோ, நாட்கோ நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தயாரித்தன. 2015-இல் நாட்கோ அறிவித்த விலை 28 மாத்திரைக்கு 19,900 ரூபாய். இன்று பெரும்பாலோருக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டாலே போதும், 95 சதவீதத்துக்கும் மேல் குணம். 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. பி-க்கு உண்டு. மரபணுப் பொறியியல் முறையில் இந்தியாவில் தயாரான முதல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 1997-இல் வெளியிட்டது ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ்.

அடுத்து இரும்பு. வைரஸ் போனாலும் ஏற்றிய ரத்தத்தின் இரும்பு தானாகப் போகாது. டெஃபராசிராக்ஸ், டெஃபெரிப்ரோன், டெஃபெராக்சமைன் ஆகிய மருந்துகள் இரும்பைப் பிடித்து வெளியேற்றும். ரத்தசோகை இல்லாத சில ஹெபடைடிஸ் சி நோயாளிகளுக்கு ரத்தம் எடுத்தே இரும்பைக் குறைக்கும் முறையை ஜப்பான் மருத்துவர்கள் பயன்படுத்தினார்கள். தலசீமியாவில் அந்த வழிக்கே இடமில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• ஃபெரிட்டின் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால் உடனே பயப்பட வேண்டாம். கல்லீரல் வீக்கத்திலும் அது உயரும். டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் 45 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும். படிந்த அளவைத் துல்லியமாகச் சொல்வது எம்ஆர்ஐ.

• ஹெபடைடிஸ் அல்லது தலசீமியா இருந்தால், பரிசோதனை செய்யாமல் இரும்பு மாத்திரையோ டானிக்கோ வாங்காதீர்கள். வைட்டமின் சி மாத்திரைக்கும் இதே விதிதான்.

• 2000-களின் தொடக்கத்துக்கு முன் ரத்தம் ஏற்றியிருந்தால், ஒருமுறையாவது ஹெபடைடிஸ் சி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பல வருடம் அறிகுறியே காட்டாத நோய் இது.

• மது வேண்டாம். இரும்பும் வைரஸும் செய்யும் சேதத்தை அது இன்னும் வேகப்படுத்தும்.

சோர்வாக இருக்கிறது என்பதற்காகவே இரும்பு குறைவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கூடினாலும் சோர்வுதான் வரும். எது என்று சொல்ல வேண்டியது ரத்தப் பரிசோதனை.