நேத்தர்ஹாட்: ஓர் அறிவிக்கையும் அதற்கு எதிரான மக்கள் போராட்டமும்

ஜார்க்கண்டின் லாத்தேகார், கும்லா மாவட்டங்களில் பரந்துள்ள நேத்தர்ஹாட் மேட்டுநிலத்தில் ஒராவோன், முண்டா, அசுர், பிர்ஜியா முதலிய பழங்குடியினர் வாழ்கின்றனர். இவர்களுள் ஒராவோன் மக்களின் குரூக் மொழி வடதிராவிடக் கிளையைச் சார்ந்தது. திராவிட மொழியியலில் பலகாலும் எடுத்தாளப்பெறும் இம்மொழியைப் பேசுவோரின் அண்மைக்கால வரலாறு தமிழாய்வுலகில் போதிய அளவு பேசப்படவில்லை.

இப்பகுதியில் 1964 முதல் இராணுவத்தின் பீரங்கிப் பயிற்சி நடைபெற்றுவந்தது. அதற்கு அடிப்படையாக அமைந்தது 1938ஆம் ஆண்டின் களப்பயிற்சி, பீரங்கிப் பயிற்சிச் சட்டம். இச்சட்டம் நிலத்தை எவரிடமிருந்தும் பறிப்பதில்லை. அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் வாழ்வோரைப் பயிற்சி நாட்களில் வெளியேற்றுகிறது. சேதத்திற்கு இழப்பீடு தருகிறது. சிக்கலின் வேர் இங்குதான் உள்ளது. பழங்குடியினர் நிலம் பிறர்கைக்குப் போகாமல் காப்பது 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம். உரிமை கைமாறினாலன்றி அந்தக் காப்புக்கு வேலையில்லை. பட்டா உழவனிடமே இருக்க, வயலில் குண்டு விழுந்தது. கால்நடைகளும் பயிர்களும் அழிந்தன, உயிரிழப்புகளும் நேர்ந்தன என்பது மக்கள் தரப்பினர் தொடர்ந்து கூறிவந்த முறையீடு.

1991-92இல் அன்றைய பீகார் அரசு வெளியிட்ட அறிவிக்கைகள் பயிற்சிக்கான எல்லையைப் பெரிதும் விரித்தன. 245 ஊர்கள், 1,471 சதுர கிலோமீட்டர் பரப்பு அதனுள் அடங்கின. ஒரு பகுதி நிலையாகவே கையகப்படுத்தப்படும் என்ற செய்தியும் பரவியது. அதுவரை ஊர்தோறும் தனித்தனியே முறையிட்டவர்கள் கேந்திரிய ஜன் சங்கர்ஷ் சமிதி என்னும் அமைப்பின்கீழ் ஒன்றுதிரண்டனர். 1994 மார்ச்சு 22ஆம் நாள் பயிற்சிக்கு வந்த படைப்பிரிவின் வண்டிகளை டுட்டுவாபானி என்னுமிடத்தில் பல்லாயிரவர் வழிமறித்தனர். பெண்கள் முன்வரிசையில் நின்றனர். படை திரும்பிச் சென்றது. அதன்பின் அங்குப் பீரங்கி முழங்கவில்லை.

போராட்டம் அத்துடன் முடிந்ததாகக் கருதுவது பொருந்தாது. படை சென்றுவிட்டதேயன்றி அறிவிக்கை நீங்கவில்லை. 2022 மே 11 வரை அது நீட்டிக்கப்பட்டது. இடையே 2000இல் மாநிலமே மாறியும் அரசிதழ் எல்லை மாறவில்லை. எனவே ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சு 22, 23ஆம் நாட்களில் மக்கள் டுட்டுவாபானியில் கூடினர். இதனை வெறும் நினைவுவிழாவாகக் கொள்வது பிழை. ஒலிக்காத பீரங்கிக்கு எதிராக இருபத்தெட்டு ஆண்டுகள் விழித்திருக்க வேண்டியிருந்தது. குண்டுச் சத்தத்தை அறியாத தலைமுறைக்கு ஆபத்தை உணர்த்தும் வழி அக்கூட்டமே.

காலக்கெடு நெருங்கிய 2022 ஏப்ரலில் அவர்கள் டுட்டுவாபானியிலிருந்து தலைநகர் ராஞ்சிக்கு நடந்தே சென்று ஆளுநர் மாளிகையில் மனு அளித்தனர். அறிவிக்கையை மேலும் நீட்டிப்பதில்லை என்னும் முடிவை அவ்வாண்டு ஆகஸ்டில் முதலமைச்சர் ஹேமந்த் சோரன் வெளியிட்டார். மக்கள் கேட்டது நீக்கம். அரசு அளித்தது நீட்டிப்பு மறுப்பு. அதுவும் மே மாதத்திலேயே காலம் முடிந்துபோன ஓர் அறிவிக்கைக்கு.