சேலத்து ஜவ்வரிசியும் மார்க்காவின் பாத்தியதையும்

சேலம், நாமக்கல் சமவெளியில் ஒருவர் கடை திறந்தால், திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரரையோ, நாமக்கல் ஆஞ்சநேயரையோ, தம் குலதெய்வத்தையோ நினைத்துப் பலகைக்குப் பெயர் எழுதுவது நெடுங்கால சம்பிரதாயம். ஒரே பெயரில் இரண்டு கடைகள் இருந்தாலும், முதலாளியின் முகமறிந்து சரக்கு வாங்கும் வாடிக்கைக்காரர்களுக்கு அதனால் பெரிய குழப்பம் ஏதும் நேர்வதில்லை. முகமறியாத தூரதேசத்துச் சந்தைக்குச் சரக்கு போகத் தொடங்கியபோதுதான் பெயருக்குப் பெறுமானம் கூடிற்று. அந்த மாறுதலை இப்பிரதேசத்தார்க்கு நன்கு உணர்த்தியது ஜவ்வரிசி.

இரண்டாம் உலக யுத்தத்தினால் கீழ்த்திசை நாடுகளிலிருந்து இறக்குமதி தடைப்படவே, 1943-ஆம் ஆண்டையொட்டிச் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்தவரும் மரவள்ளி மாவுத் தொழிலின் நுட்பமறிந்தவருமான போபட்லால் ஷாவின் துணைகொண்டு இங்கே அதை உற்பத்தி செய்ய முற்பட்டார் என்பர். கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் தங்கிய ஈரமாவைத் துணித் தூளியில் இட்டுக் குலுக்கினால் மணிமணியாகத் திரளும். வறுத்து வெயிலில் உலர்த்தினால் ஜவ்வரிசி. ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் எத்தனை ஆலைகள் எழுந்தாலும், ஒன்றின் மணியையும் மற்றொன்றின் மணியையும் உள்ளங்கையில் வைத்துப் பேதம் காண்பது அரிது. விரதநாளில் அதைச் சமைக்கும் மகாராஷ்டிரத்து இல்லத்தரசிக்கு ஆலை தெரியாது; மூட்டையில் அச்சிட்ட மார்க்கா ஒன்றே தெரியும்.

1940-க்கு முன் மார்க்காவைப் பதிய நம் தேசத்தில் தனிச்சட்டம் இல்லாமையால், வியாபாரிகள் பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரு பிரகடனத்தைப் பதிந்து, பத்திரிகையில் எச்சரிக்கை வெளியிட்டு, வழக்கு வந்தால் நெடுநாள் அனுபோகத்தைச் சாட்சிகளால் ருசுப்படுத்த வேண்டியிருந்தது. அவ்வாண்டுச் சட்டம் பதிவேட்டைத் திறந்ததோடு, ஊர்ப்பெயர், குடும்பப்பெயர், ஜாதிப்பெயர், சரக்கின் குணத்தை நேரே சொல்லும் சொல் ஆகியவற்றை எளிதில் தனியுடைமையாக்க இயலாதபடி வரம்பும் இட்டது. நம்மவர் இயல்பாக நாடிய பெயர்களில் பல அவற்றுள் அடக்கம். தெய்வ சம்பந்தமான பெயர்களின் நிலையும் அதுவே. 'ராமாயண்' என்பதை ஊதுபத்திக்கு ஒருவர் ஏகபோகமாகக் கொள்ளலாகாதென 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது முற்றிலும் நியாயம் என்பதே என் துணிபு.

ஆகவே புதுப்பெயர் புனைவதே உத்தமம். புனைந்தபின் அதன் ஒலியையும் சோதிக்க வேண்டும். 'அமிர்ததாரா', 'லட்சுமண்தாரா' என்ற மருந்துப் பெயர்களைப் பற்றிய வழக்கில், 1962-இல் உச்ச நீதிமன்றம், அரைகுறை ஞாபகத்தோடு கடைக்கு வரும் சாமானியனையே அளவுகோலாகக் கொண்டு, இரண்டும் மயக்கந்தரும் ஒற்றுமையுடையன என்றது. மார்க்காப் பதிவேட்டில் ஜவ்வரிசி அடங்கிய 30-ஆம் வகுப்பின் பதிவுகளைத் துழாவியபின், பதியாமலே புழங்கும் மார்க்காக்களையும் சந்தையில் விசாரிப்பது அவசியம். முந்திப் புழங்கியவரின் பாத்தியதையை 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டமும் காக்கிறது. கம்பெனிப் பதிவு கிடைத்ததே என்று நிம்மதி கொள்வோர் பலர். அப்பதிவு மார்க்காவுக்குக் காப்பாகாது.

தகராறு முற்றினால் அலைச்சலுக்கு எல்லையில்லை. 'சச்சாமோத்தி' ஜவ்வரிசி மார்க்காவை ஒட்டிச் சேலத்துக் குற்றவியல் நீதிமன்றத்தில் இருந்த வழக்கை, ஒரு தரப்பார் தமக்குத் தமிழ் தெரியாதென்பது உள்ளிட்ட காரணங்களைக் காட்டி டில்லிக்கு மாற்றக் கோரிய மனுவை 2021-இல் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது.

தனியொருவருக்கு எளிதில் கிட்டாத ஊர்ப்பெயர் ஊராருக்குப் பொதுவாகக் கிட்டியது புவிசார் குறியீடு என்னும் வேறொரு வழியில். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டமும் புவிசார் குறியீட்டுச் சட்டமும் 2003 செப்டம்பர் 15 அன்று ஒருசேர அமலுக்கு வந்தன. சேலம் வெண்பட்டு முன்னரே பெற்ற அக்குறியீட்டை, 1981-இல் தோன்றிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் முயற்சியால் சேலம் ஜவ்வரிசி 2023-இல் பெற்றது.