பட்டாவுக்கு வெளியே நிற்பவர்கள்: பெருஞ்சூரியமின் திட்டங்களும் ஊரார் எதிர்ப்பும்

பெரிய மின்திட்டங்களை ஊரார் எதிர்ப்பதற்கு ஆய்வுலகில் நெடுங்காலம் ஒரே விளக்கம்தான் செல்லுபடியானது. மின்சாரம் வேண்டும், அதைத் தரும் நிலையம் மட்டும் என் வீட்டருகே வேண்டாம் என்னும் தன்னலமே காரணம் என்றார்கள். காற்றாலைகளை முன்வைத்து மார்ட்டன் வோல்சிங்க் 2000இலேயே இதைக் கட்டுக்கதை என்று மறுத்தார். பாட்ரிக் டிவைன்-ரைட் 2009இல், வாழும் இடத்தின்மேல் மனிதர் வைத்திருக்கும் பற்று குலைவதே எதிர்ப்பாக வெளிப்படுகிறது என்று வாதிட்டார். இரண்டும் மதிக்கத்தக்க மறுப்புகள். ஆனால் இரண்டும் ஐரோப்பிய ஊர்களைப் பார்த்து எழுதப்பட்டவை. அங்கே எதிர்ப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரர். வயல்வெளியின் தோற்றம் மாறுவதையும் வீட்டின் விலை குறைவதையும் பேசுகிறவர். பேசுவதற்கு அவருக்கு ஓர் இடமும் உண்டு. கிழக்கு இங்கிலாந்தில் சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் எல்லையில் 500 மெகாவாட் அளவில் திட்டமிடப்பட்ட சன்னிக்கா சூரியமின் நிலையம், ஊராரின் ஆட்சேபங்கள் பகிரங்கமாக விசாரிக்கப்பட்ட பிறகே 2024 ஜூலையில் ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலமோ 2021இல், தங்கள் எல்லைக்குள் பெரிய சூரியமின் திட்டங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தையே கவுண்டி நிர்வாகங்களுக்கு வழங்கியது.

இந்தியக் கிராமத்தை இந்தச் சட்டகத்துக்குள் வைத்துப் பார்த்தால் எதிர்ப்பின் உட்பொருள் கைநழுவிப் போகும். இங்கே எதிர்க்கிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நிலத்தில் உரிமைப்பத்திரம் கிடையாது. ஆடு மேய்க்கிறவர், வாரத்துக்கு உழுகிறவர், கூலிக்குக் களையெடுக்கிறவர், விறகு பொறுக்குகிறவர் ஆகியோரே முன்னால் நிற்கிறார்கள். திட்டம் முடிவாகும் எந்தக் கட்டத்திலும் சட்டம் அவர்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்டிருந்தால் ஆட்சேபமாகப் பதிவாகியிருக்க வேண்டியது, கேட்காமல் விட்டதால் மறியலாக மாறுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டத்தின் அமைப்பைப் பார்ப்போம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் அட்டவணையில் சூரிய ஒளிமின் நிலையங்கள் இடம்பெறவில்லை. சோலார் பூங்காக்களுக்கும் முன் அனுமதி தேவையில்லை என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் பின்னர் தெளிவுபடுத்தியது. புகை இல்லை, சாம்பல் இல்லை என்பதால் அந்த விலக்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் அந்த அனுமதியோடு சேர்ந்தே மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் போய்விட்டது. அனுமதி ஆணை என்று ஒன்று இல்லாதபோது, அதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யும் வழியும் அடைபடுகிறது. மீதமிருப்பது 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம். தனியார் திட்டத்துக்காக அரசு நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் ஒப்புதலும் சமூகத் தாக்க மதிப்பீடும் வேண்டும் என்கிறது அது. அரசு எடுக்காமல், நிறுவனம் நேரடியாக வாங்கினாலோ குத்தகைக்குப் பிடித்தாலோ இந்த நிபந்தனைகள் பொதுவாகப் பொருந்துவதில்லை. ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் கேட்கும் தொழில் இந்த வழியாகத்தான் பரவியிருக்கிறது.

குத்தகை முறையின் சிறந்த எடுத்துக்காட்டாகக் கர்நாடகத்தின் துமகூரு மாவட்டத்துப் பாவகடா சொல்லப்படுகிறது. ஐந்து கிராமங்களில் ஏறத்தாழ 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். மழை பொய்த்த அந்த வட்டாரத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து விழுக்காடு உயர்வு என்பது நிலம் வைத்திருந்தவருக்கு உண்மையான ஆறுதல். அதை மறுப்பது நேர்மையாகாது. யாரும் நிலத்தை இழக்கவில்லை என்று இத்திட்டத்தைப் புகழ்கிறவர்கள் சொல்வதும் பத்திரங்களின் அளவில் சரியே. ஆனால் அதே நிலத்தில் நிலக்கடலை பிடுங்கிக் கூலி வாங்கிய நிலமற்றவருக்கு வாடகையில் பங்கு இல்லை. அறுவடைக்குப் பின் ஆடு ஓட்டி வந்தவர் வேலியின் முன் நிற்கிறார். பூங்காவுக்குள் உள்ளூராருக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் காவல், புல்வெட்டு, தகடு துடைப்பு. ஒரே நிலம் பலருக்குப் பலவிதமாகச் சோறு போட்டது. குத்தகைப் பத்திரம் அவர்களில் ஒருவரை மட்டுமே அறிந்திருந்தது. குஜராத்தின் சாரங்கா பூங்காவை ஆராய்ந்த கோமலி யென்னெட்டி, ரோசி டே ஆகியோரும் மேய்ச்சல் சமூகங்களின் குரல் முடிவெடுக்கும் நடைமுறைக்குள் வராமலே போனதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அஸ்ஸாமின் நகாவ் மாவட்டத்து மிகிர் பாமுனி கிராண்ட் இந்த வாதத்துக்கு இன்னும் கூர்மையான சான்று. திட்டம் 15 மெகாவாட். நிலம் சுமார் 90 ஏக்கர். பாவகடாவோடு ஒப்பிட்டால் ஒரு மூலை. அந்த நிலத்தைக் கார்பி, ஆதிவாசிக் குடும்பங்கள் தலைமுறைகளாக உழுது நெல் விளைவித்து வந்தன. பழைய ஜமீன் வழிவந்தவர்களிடமிருந்து பத்திரம் மின் நிறுவனத்துக்குக் கைமாறியது. உழுதவர்கள் 1971ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரினார்கள். விளைவு காவல்துறையோடு மோதல், வழக்கு, கைது. எதிர்ப்பின் வீரியம் திட்டத்தின் பரப்பைச் சார்ந்ததன்று என்பதை இது காட்டுகிறது. பத்திரத்துக்கும் உழவுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருந்ததோ, அவ்வளவு கடுமையாக எழுந்தது எதிர்ப்பு.

ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. தெய்வத்துக்கென்று விடப்பட்ட ஓரண் என்னும் மேய்ச்சல் காடுகளில் பல, வருவாய்க் கணக்கில் அரசுத் தரிசாகவே எழுதப்பட்டிருக்கின்றன. தரிசு என்று எழுதிய நிலத்தை ஒதுக்கீடு செய்ய யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவ்வட்டாரத்து மின்கம்பிகள் உச்ச நீதிமன்றம் வரை போனது, அவற்றில் மோதி மடியும் கானமயிலின் பொருட்டு. 2021 ஏப்ரலில் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்ன நீதிமன்றம், 2024 மார்ச்சில் அந்த ஆணையைத் தளர்த்தியது. அழிவின் விளிம்பில் நிற்கும் பறவைக்காக வழக்காடியவர்கள் போற்றத்தக்கவர்கள். ஆனால் அதே வெளியில் ஒட்டகமும் ஆடும் மேய்க்கிறவரின் வாழ்வு அந்த வழக்கின் மையத்தில் இல்லை. 2024 டிசம்பரில்தான் வேறொரு வழக்கில், ஓரண்களை அடையாளம் கண்டு காடுகளாக அறிவிக்கும்படி ராஜஸ்தான் அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நிலக்கரி இதைவிடக் கொடியது. சூரியமின் திட்டம் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும் எண்ணூரில் சாம்பல் குவிகிறது, நெய்வேலிச் சுரங்கம் வயலை நோக்கி நகர்கிறது. 2023 ஜூலையில் அச்சுரங்கத்துக்காக வளையமாதேவியில் கதிர் விடும் பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதைப் பார்த்த எவரும் இந்த மறுப்பை இலகுவாகத் தள்ள முடியாது. நானும் தள்ளவில்லை; சூரியமின்சாரம் விரைந்து பெருக வேண்டும் என்பதே என் நிலைப்பாடும். கருத்துக்கேட்புக் கூட்டங்கள் பல சடங்காகவே முடிகின்றன என்பதும் தெரிந்ததே. இருந்தும் அந்தச் சடங்கில் சொல்லப்பட்ட ஆட்சேபம் பதிவேட்டில் ஏறுகிறது. பதிவேட்டைக் காட்டித்தான் பின்னால் வழக்காட முடிகிறது. சூரியமின் திட்டத்தின் முன் நிற்கும் ஊருக்கு அந்தத் தாள்கூட இல்லை. நீதிமன்றத் தடையிலும் மறியலிலும் கழியும் மாதங்களோடு ஒப்பிட்டால், இடத்தைத் தேர்வு செய்யும் முன்பே கிராமசபையில் ஒருநாள் உட்கார்ந்து பேசுவது தாமதமே ஆகாது.

ஆனால் கிராமசபையிலும் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதை ராமநாதபுரம் சொல்கிறது. கமுதி அருகே 2016இல் முடிந்த 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் அமைந்தது. வானம் பார்த்த பூமி. விளைச்சல் தவறிய ஆண்டுகளில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டும் ஆடு வளர்த்தும் பிழைத்த வட்டாரம். இந்த மாவட்டத்தில் ஆட்டு மந்தை ஓட்டும் கீதாரிகள் ஆண்டின் பல மாதங்கள் ஊரில் இருப்பதில்லை. மந்தையோடு தஞ்சைப் பக்கம் போய் அறுத்த வயல்களில் கிடை போட்டு, மழை தொடங்கியதும் திரும்புகிறார்கள். சபை கூடும் நாளில் அவர்கள் ஐம்பது கல் தொலைவில் இருக்கக்கூடும். அவர்கள் கடந்துபோகும் ஊர்களின் சபைகளிலோ அவர்களுக்கு வாக்கில்லை. ஆகவே யாரைக் கேட்க வேண்டும் என்று அறிய, நிலத்தைப் பயன்படுத்துவோரை முதலில் கணக்கெடுக்க வேண்டும்; அந்தக் கணக்கு ஓர் ஊரின் ஒரு பருவத்தோடு நிற்க முடியாது. மந்தைகள் போகும் தடம், தங்கும் பொட்டல், தண்ணீர் காட்டும் ஊருணி ஆகியவை வட்ட அளவில் வரைபடமாக வேண்டும். திட்டத்துக்கு நிலம் தேடுகிறவர் முதலில் அந்த வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும் என்று விதி வேண்டும். அத்தகைய வரைபடத்தைக் கீதாரிகளின் துணையில்லாமல் வரைய முடியாது. அதற்கு வருவாய்த்துறை அலுவலர்கள் மழைக்கும் அறுவடைக்கும் ஏற்ப அவர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.