லாகூர் லாட்ஜில் ஓர் ஆண்டு

மறைச்சடங்குகள் உடைய பிரீமேசன் சகோதர அமைப்பின் லாட்ஜ் ஒன்று லாகூரில் இருந்தது. ‘ஹோப் அண்ட் பெர்சிவரன்ஸ்’ என்பது அதன் பெயர். 1886 ஏப்ரல் 5 அன்று நாளிதழ்த் துணையாசிரியர் ருட்யார்ட் கிப்ளிங் அதில் சேர்ந்தார். 21 வயது நிரம்பாதவரைச் சிறப்பு அனுமதி பெற்றுச் சேர்த்ததன் காரணம், நல்ல செயலாளர் வேண்டும் என்பதே. ஆங்கிலேயர், இந்து, முஸ்லிம், சீக்கியர் அங்கே சகோதரராக அமர்ந்தனர். வாயில் காத்தவர் ஒரு யூதர். கதவு திறந்ததும் ஆள்வோரும் ஆளப்படுவோருமாகப் பிரிந்தனர்.

பிற்காலத்தில் கிப்ளிங் தம் தன்வரலாற்றில் அவ்வாண்டை 1885 எனப் பிழையாகக் குறித்தார். லாட்ஜின் பதிவேடே உண்மையைக் காத்தது. 1972இல் பாகிஸ்தான் அவ்வியக்கத்தைத் தடைசெய்தது. கூடியவர் மறைவர், கூடமும் கைமாறும், ஏடு எஞ்சும். பத்தாண்டு கண்ட வட்டத்தினராகிய நாமும் நம் கூட்டக் குறிப்புகளைப் பேணிக் காப்போமாக.