'பொய்கொட்' என்று எழுதுமுன்

தேர்தல் செய்திகளை ஆங்கிலத்தில் எழுதும்போது நான் தயங்கும் சொல் 'பொய்கொட்'. 1880இல் அயர்லாந்துக் குடியானவர்கள் ஒதுக்கிவைத்த காணி முகவர் சார்ள்ஸ் பொய்கொட்டின் பெயர்தான் அது. புறக்கணித்தவர் தாமாகவே முடிவெடுத்தார் என்பது அதன் உட்பொருள்.

யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸின் அழைப்பில் 1931 அரசாங்க சபைத் தேர்தலைக் குடாநாடு புறக்கணித்தது. 'ஜஃப்னா பொய்கொட்டட் தி இலெக்ஷன்' என்று தாராளமாக எழுதலாம்.

2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ். மாவட்ட வாக்களிப்பு ஏறத்தாழ ஒரு வீதம். அதற்கும் 'தமிழ்ஸ் பொய்கொட்டட்' என்றே எழுதிவிடுகிறார்கள். விரும்பி ஒதுங்கியவர்கள் இருந்தார்கள்தான். விடுதலைப் புலிகளின் நெருக்குதலுக்குப் பயந்து வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த வினை பொருந்தாது. 'தே வேர் பிரிவென்டட் ஃப்ரம் வோட்டிங்', வாக்களிக்கவிடாமல் தடுக்கப்பட்டார்கள், என்றே நான் எழுதுவேன்.