நீர்நல அளவீடு: ஒலுவில் துறைமுகமும் அதன் அண்டைக் கரையும்

ஆறு, குளம், களப்பு, கடல் ஆகியவற்றின் நீர், தன்னுள் வாழும் உயிர்களைத் தாங்கும் நிலையில் இருக்கிறதா என்று அளந்து அறிவது நீர்நல அளவீடு எனப்படும். கரைந்த ஒட்சிசன், வெப்பநிலை, உவர்த்தன்மை, கலங்கல், அமிலகாரத்தன்மை, நைத்திரேற்று, பொசுபேற்று, குடற்பற்றீரியா ஆகியவை உலகெங்கும் அளக்கப்படுபவை. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள ஒலுவிலுக்கு இந்தப் பட்டியல் போதாது. அங்கே மணலையும் சேர்த்து அளந்தால்தான் கடலின் நலம் தெரியவரும்.

ஒலுவில், அம்பாறை மாவட்டத்தின் அட்டாளைச்சேனைப் பிரதேசத்தைச் சேர்ந்த ஊர். வடக்கே நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை. தெற்கே பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. மேற்கே கண்ணுக்கு எட்டியவரை வயல். சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வரும் நீர் அந்த வயல்களில் பாய்ந்து, உரத்தையும் பூச்சிநாசினியையும் கரைத்துக்கொண்டு களியோடை முதலிய வழிகளால் கடலை அடைகிறது. ஊர்க் கழிவுநீர் தோணா என்னும் ஒடுங்கிய நீர்நிலைகளில் இறங்குகிறது. இரண்டும் சேருமிடம் கரைவலை இழுக்கும் அதே கடல்.

அளவீட்டின் வரலாறு

கடல் தெளிஞ்சிருக்கா, கலங்கியிருக்கா என்று பார்த்துத் தோணி இறக்குவது மீனவர் வழக்கம். அந்தப் பார்வையை எண்ணாக்கியவர் இத்தாலிய வானியலறிஞரும் பாதிரியாருமான அஞ்சலோ செக்கி. 1865 இல் பாப்பரசரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் வெள்ளைத் தட்டுகளைக் கயிற்றில் இறக்கி, தட்டு எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகிறது என்று குறித்தார். ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் இதைவிட மலிவான, நம்பத்தக்க கருவி தெளிவை அளக்கக் கிடைக்கவில்லை.

ஒட்சிசனை அளக்கும் வழியை 1888 இல் ஹங்கேரிய இரசாயனவியலாளர் லாயோஸ் விங்க்ளர் கண்டார். காற்றுக்குமிழி ஒன்றும் நுழையாதபடி போத்தலை நீரால் நிரப்பி, மங்கனீசு சல்பேற்றையும் காரம் கலந்த அயடைட்டையும் விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். நீரில் ஒட்சிசன் இருந்தால் தேயிலைச் சாயம் போன்ற கபில வீழ்படிவு இறங்கும். இல்லையென்றால் வீழ்படிவு வெள்ளையாகவே நிற்கும். பிறகு அமிலம் சேர்க்க, வீழ்படிவு கரைந்து அயடீனின் மஞ்சள் நிறம் வரும். தயோசல்பேற்றைத் துளித்துளியாக விட்டு, மஞ்சள் வெளிறியதும் மாப்பொருள் சேர்த்தால் நீலமாகும். அந்த நீலம் மறையும் துளியோடு கணக்கு முடிகிறது. பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவர் செய்யக்கூடிய வேலை இது. வெள்ளை வீழ்படிவை ஒருமுறை கண்ணால் கண்ட பிள்ளைக்கு, மூச்சடைத்த நீர் என்றால் என்ன என்று வேறு விளக்கம் தேவைப்படாது.

கழிவு எவ்வளவு ஒட்சிசனைத் தின்னும் என்பதை அளக்கும் சோதனை பிரித்தானியாவில் உருவானது. அங்கு 1898 முதல் 1915 வரை இயங்கிய கழிவுநீர் பற்றிய அரச ஆணைக்குழு, நீரை 5 நாள் அடைத்து வைத்து ஒட்சிசன் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் முறையைத் தரப்படுத்தியது. பிரித்தானிய ஆறுகளின் நீர் 5 நாளுக்குள் கடலை அடைந்துவிடும் என்பதே அந்த எண்ணுக்குச் சொல்லப்படும் காரணம். பின்னர் வெப்பநிலை 20 பாகை என்று நிலைத்தது. அம்பாறைக் கரையின் நீர் அதைவிடச் சூடானது. இந்தச் சூட்டில் அழுகல் விரைவு, நீர் பிடித்துவைக்கும் ஒட்சிசனும் குறைவு. எனவேதான் இலங்கை ஒழுங்குவிதிகள் 30 பாகையில் 3 நாள் சோதனையையும் ஏற்கின்றன. இந்தியாவில் 27 பாகையில் 3 நாள். இலங்கையின் 2008 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் உள்நாட்டு நீர்நிலைக்குள் விடும் கழிவுக்கு இந்த அளவை லீற்றருக்கு 30 மில்லிகிராம் என்று கட்டுப்படுத்தி, கரையோரக் கடலுக்கு 100 வரை விட்டுக்கொடுத்தன. கடல் பெரியது, தாங்கிக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கை சட்டத்துக்குள்ளும் குடியிருக்கிறது.

தோணா

கல்முனை, சாய்ந்தமருதுப் பகுதியில் ஊர் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் ஒடுங்கிய நீர்நிலை தோணா எனப்படும். ஆண்டின் பெரும்பகுதி அதன் வாயை மணல்திட்டு அடைத்திருக்கும். மாரி வெள்ளம் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். அடைபட்டிருக்கும் மாதங்களில் குப்பையும் கழிவும் தங்கி, நீர்த்தாவரம் மேலே பாய் விரித்து மூடிவிடும். தாவரமும் பாசியும் மண்டிய நீரில் ஒட்சிசன் விடியலுக்குச் சற்று முன் மிகக் கீழே இறங்கும். பாசி வெயிலில் ஒட்சிசனை வெளிவிடுவதால் நண்பகலில் ஏறிக் காட்டும். பகல் பத்து மணிக்குமேல் எடுத்த ஒரு போத்தலை வைத்துத் தோணா நலமாக இருக்கிறது என்று எழுதுவது பிழையான வாசிப்பு. விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து வெளியே வரும் நேரமே அங்கு அளக்கச் சரியான நேரம்.

துறைமுகமும் மணலும்

கப்பல்துறை அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரபின் கனவாக 1990களில் முன்வைக்கப்பட்டது ஒலுவில் துறைமுகம். டென்மார்க்கின் கடனுதவியோடு 2008 இல் கட்டுமானம் தொடங்கி, 2013 செப்டெம்பர் 1 அன்று திறக்கப்பட்டது. வணிகக் கப்பலுக்கு ஒரு பகுதி, மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு பகுதி.

இந்தக் கரையில் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தென்கிழக்கிலிருந்து வரும் அலை அதைக் கரையோரமாக வடக்கே தள்ளுகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் கொஞ்சம் திரும்பினாலும் ஆண்டுக் கணக்கில் போக்கு வடக்கு நோக்கியதே. கடலுக்குள் நீட்டிய அலைதாங்கிகள் அந்தப் பாதையை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, துறைமுக வாயிலும் புகுந்து படகுகளின் வழியை அடைத்தது. வடக்கே மணல் வராததால் கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. மீனவர் வாடிகள் போயின. தடுப்பாகக் கருங்கல் போட்ட இடத்தில் அரிப்பு நின்றது, ஆனால் அது வடக்கே நிந்தவூர்ப் பக்கம் நகர்ந்தது. கருங்கல் கிடக்கும் கரையில் கரைவலை இழுக்க முடியாது என்பதையும் நட்டக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆற்று மணல் அகழ்வையும் சுனாமியையும் காரணமாகக் காட்டுவோர் உண்டு. தெற்கே குவிந்து வடக்கே தேய்ந்த மணலே அதற்குப் பதில்.

கரையை அளக்கும் வழி எளியது. நிலத்தில் அசையாத ஒரு தூணை நட்டு, அங்கிருந்து நீர்விளிம்புவரை மட்டம் பார்த்துச் சரிவைக் குறிக்க வேண்டும். மாதந்தோறும் அதே கோட்டில் மீண்டும். ஏற்றவற்று வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவான கரை என்பதால் இங்கே இது இன்னும் எளிது. செய்மதிப் படம் நீண்டகால மாற்றத்தைக் காட்டும். ஆனால் லாண்ட்சாட் படத்தின் ஒரு கட்டம் தரையில் 30 மீற்றர். 10 மீற்றர் தென்னங்காணி அந்த ஒரு கட்டத்துக்குள்ளேயே காணாமல் போய்விடும்.

விபத்தும் அளவீடும்

2020 செப்டெம்பர் 3 அன்று, சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெயுடன் குவைத்திலிருந்து இந்தியாவின் பரதீப்புக்குச் சென்ற ‘நியூ டயமண்ட்’ கப்பல் அம்பாறையின் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பற்றியது. மாலுமி ஒருவர் உயிரிழந்தார். சரக்கு எண்ணெய் கடலில் கலக்காமல் தப்பியது. கப்பல் ஓடுவதற்கு வைத்திருந்த எரிபொருள் கசிந்து படலமானது. நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவும் கடல் சூழல் பாதுகாப்பு அதிகார சபையும் மாதிரி எடுத்து ஆராய்ந்தன. விபத்துக்குப் பின் எடுக்கும் போத்தலுக்கு, முன்னர் அதே இடத்தில் எடுத்த போத்தல்தான் பொருள் தரும். ஒப்பிட முந்திய எண் இல்லாத கடலில் இழப்பீட்டு வழக்கும் பலவீனமாகும்.

இன்றைய நிலை

மணல் அள்ளுவதும் கல் போடுவதும் தொடர்கின்றன. மீனவரின் முறைப்பாடும் தொடர்கிறது.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலேயே இருக்கிறது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். அந்தப் பீடத்தினர் அலைதாங்கியின் இருபுறமும், களியோடை வாயிலும், தோணா வாயிலும் மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்து, எண்களைப் பள்ளிவாசல் பலகையிலும் மீனவர் சங்கத்திலும் ஒட்ட வேண்டும். அதற்கு வேண்டியவை ஒரு வெள்ளைத் தட்டு, சில போத்தல்கள், விங்க்ளர் முறைக்கான இரசாயனங்கள், ஓர் அளவுநாடா. வரும் வாடைக்கு முன் தொடங்குவது நல்லது.